நெற்றிக்கு இறக்கிய தாவாரம்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். எந்த ‘ல’ எங்கே வரும், எந்த ‘ர’ எங்கே வரும் என்பது இன்னும் எனக்குத் தகராறுதான். டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு எழுத்து வேலை என்ன இருக்கிறது? காட்டிய இடத்தில் பெயரைப் போடுவேன், அவ்வளவுதான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

எனக்கு முன்னால் ஒரு பொட்டலம் இருக்கிறது. செய்தித்தாளில் மடித்தது. நான்காக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, டிராக்டர் சாவி போடுகிற தகர டப்பாவில் ஒரு வருடமாக வைத்திருக்கிறேன். உள்ளே என் அக்காவின் முடி இருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. பெரும்பாலும் கறுப்பு. நடுவில் ஏழெட்டு இழை மட்டும் சுத்த வெள்ளை. அது நரை. நெற்றியில் வெண்படை வந்த இடத்துக்கு மேலே முளைத்த முடி.

அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். பண்டசோழநல்லூரில் கட்டிக்கொடுத்தோம். நான் செல்லிப்பட்டிலேயே இருக்கிறேன். மாமா குவைத்தில் வண்டி ஓட்டுகிறார், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். அதனால் அந்த வீட்டில் ஆண்பிள்ளை துணை வேண்டுமென்றால் நான்தான் போவேன். துணை என்று சொல்கிறேனே தவிர, என்னால் ஆகிற காரியம் வண்டி ஓட்டுவது மட்டும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அக்கா அதைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவள்.

அறிந்தவள் என்பதற்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நான் ஐந்தாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் சேர்த்துப் படம் பிடிக்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். என் முடி கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. படத்தில் முகம் தெரியாது என்று அக்கா என்னை உட்காரவைத்து, தண்ணீர் தெளித்து, முன்னால் வாரிவிட்டு, பக்கத்து வீட்டில் வாங்கிவந்த கத்தரியால் வெட்டினாள். இடது பக்கம் ஏறிவிட்டது. அதைச் சரிசெய்ய வலது பக்கத்தை வெட்டினாள். அது இன்னும் ஏறிவிட்டது. கடைசியில் அறுவடை முடிந்த வயலில் நிற்கிற தாள் மாதிரி நெற்றிக்கு மேலே குச்சிகுச்சியாக நின்றது. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன், பள்ளிக்கூடமே வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தாள். அவள் நெற்றியிலும் அதே மாதிரி முடி குச்சிகுச்சியாக நின்றது. “இப்ப ரெண்டு பேரையும் பாத்து சிரிக்கட்டும், வாடா” என்றாள்.

அம்மா அவளைத் துடைப்பத்தாலேயே அடித்தாள். “பொட்டப்புள்ள முன்மயிர வெட்டிக்கினு நிக்கிறியே, எவன்டி உன்ன கட்டுவான்?” என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அக்கா அழவில்லை. அடி வாங்கிய கையோடு என்னைப் பள்ளிக்கூடம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். வழியில் சிரித்தவர்களை எல்லாம் அவள் முறைத்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தேன். அந்தப் படம் இப்போது இல்லை, ஒரு புயலில் கூரை போனபோது நனைந்து ஊறிவிட்டது. ஆனால் அவள் செய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் வெட்கத்தைப் பாதியாக்க அவளும் வெட்கப்பட்டாள். அன்றிலிருந்து அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. இப்போது என் தலையில் முன்னால் வெட்ட முடியே கிடையாது.

அக்காவுக்கு ஒரே பெண். படித்து முடித்து ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறது. போன வருடம் சித்திரையில் பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து பார்த்தார்கள். பையன் நல்ல பையன், குடும்பமும் நல்ல குடும்பம். பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். அவர்கள் பார்க்க வந்த நாளில் அக்காவின் நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது, புளியங்கொட்டை அளவுதான். பவுடர் போட்டு மறைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அது வளர ஆரம்பித்தது. ஆடி முடிவதற்குள் முடி முளைக்கிற இடம் வரைக்கும் ஏறி, சின்ன வெற்றிலை போல ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில், இது ஒட்டாது, இதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று தெளிவாகச் சொன்னார்கள். அதை அக்காவும் நானும் கேட்டுக்கொண்டோம். ஊர் கேட்டுக்கொள்ளுமா? படை என்ற பேச்சு வந்தால், தாய்க்கு இருப்பது நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று சொல்வார்கள். அக்காவின் பயம் அவ்வளவும் அதுதான். தன் நெற்றியால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது.

எண்ணெய் தடவினாள். காலையில் வெயிலில் உட்கார்ந்தாள். மகள் வாங்கிவந்த க்ரீமைப் பூசினாள், அது அடுப்படி வேர்வையில் மோர் மாதிரி வழிந்தது. அப்போது அந்தப் பெண்தான் சொன்னது: “அம்மா, பேங்ஸ் வெட்டிக்கோயேன். நெத்தியே தெரியாது.” அக்காவுக்குப் புரியவில்லை. முன்னால் இருக்கிற முடியை மட்டும் புருவம் வரைக்கும் வெட்டித் தொங்கவிடுவதாம். போனில் அக்காவைப் படம் எடுத்து, அதிலேயே முடியை ஒட்டவைத்துக் காட்டியது. அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, “யாருடி இவ, இஸ்கூலுக்குப் போற புள்ள மாதிரி” என்று சிரித்தாள். சிரித்தவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாவு அரைபடுகிற நேரமெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. வெட்டினால் ஐம்பதை நெருங்குகிற வயதில் இதென்ன கோலம் என்று சிரிப்பார்கள். வெட்டாவிட்டால் படை தெரியும். குவைத்துக்குப் போன் போட்டால் மாமா, “உன் தலை, உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா, “இன்னாத்துக்கு வெட்டணும்ன்ற? அப்படியே முக்காடு போட்டுக்க” என்றது. இருந்து இருந்து நிச்சயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்கா எனக்குப் போன் செய்தாள். “டேய் தம்பி, வில்லியனூருக்கு இட்டுகினு போடா. அங்க போயி முடிவு பண்ணிக்கலாம்.”

பார்லர் கண்ணாடிக் கதவில் பெண்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. படியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து கூப்பிட்டார்கள். “அண்ணா, ஒரு நிமிஷம் வாங்க. உங்கக்கா நீங்க சொன்னாதான் வெட்டுவேன்றாங்க.” செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. எல்லாவற்றிலும் என் வழுக்கைத் தலை. நாற்காலியில் கறுப்புத் துணி போர்த்தி அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்முடியை எல்லாம் நனைத்து முகத்தின் மேல் வாரிவிட்டிருந்தார்கள். அவள் கண் எனக்குத் தெரியவில்லை. முடிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“வெட்டிக்கட்டுமா, வேணாமாடா? நீ இன்னா சொல்றியோ அதான்.”

கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு பார்லர் பெண் என்னைப் பார்த்தாள். “வெட்டிட்டா வளர ரொம்ப மாசம் ஆவும்ணா, நல்லா யோசிச்சி சொல்லுங்க” என்றாள்.

வெட்டு என்று சொல்ல நான் யார்? வேண்டாம் என்று சொன்னால் படைக்கு என்ன வழி? பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எப்படி நிற்பேனோ அப்படி நின்றேன். முன்னே பின்னே தெரியாத பெண் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தேன். அக்கா முடி இடுக்கு வழியாகக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். “அவனே தலைய ஆட்டிட்டான், வெட்டும்மா” என்றாள்.

நான் ஆட்டவில்லை, குனிந்தேன். அதைச் சொல்வதற்குள் கத்தரி ஒரு முறை கடித்துவிட்டது. அதற்கப்புறம் சொல்லி என்ன? விழுந்த முடி கால்படக் கூடாது என்று துணியிலிருந்ததை எல்லாம் பொறுக்கினேன். “அண்ணா, நாங்களே பெருக்கிப்போம், வுடுங்க” என்று பார்லர் பெண் சிரித்தாள். பரவாயில்லை என்றுகூடச் சொல்லாமல் மேசை மேல் கிடந்த பேப்பரைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பொய் சொல்லக் கூடாது, அக்காவுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். படை இருந்த இடமே தெரியவில்லை. கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு, பல மாதம் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி வரும்போது பைக்கில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டே வந்தாள். “மெல்லப் போடா, காத்து தூக்குது, தெரிஞ்சிடப் போவுது.” எதிரே பஸ் வந்தால் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். காற்றே தூக்கிவிடுகிற முடியை ஒரு கை தூக்காதா? பக்கத்து வீட்டு அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டது. “இன்னாடி இது, நெத்திக்குத் தாவாரம் எறக்கிட்ட? மழ வந்தா ஒதுங்கிக்கலாம் போலக்குதே!” அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு மூன்று நாள் இருந்தது.

நிச்சயத்தன்று வாசலில் பந்தல் போட்டிருந்தோம். பையனின் அம்மா வந்து இறங்கியதும் அக்காவைப் பார்த்து, “முடி நல்லாகீது சம்பந்தி” என்று சொன்னது. உயரமான, அதிகம் பேசாத அம்மா. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். தட்டு மாற்றினார்கள், பத்திரிகை எழுதிப் படித்தார்கள், பெண்ணுக்குப் பூ வைத்தார்கள். அப்புறம் அவர்கள் பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி, “சம்பந்தியம்மாங்க ரெண்டு பேரும் சந்தனம் குங்குமம் வெச்சிக்குங்க” என்றது. “தாய்மாமன் எங்க? வாப்பா, தட்டப் புடி” என்று என் கையில் தட்டைக் கொடுத்தது.

எத்தனை நிச்சயத்துக்குப் போயிருக்கிறேன். எல்லாவற்றிலும் இது உண்டு. பெண்ணின் தாயும் பிள்ளையின் தாயும் எதிரெதிரே நின்று ஒருத்தி நெற்றியில் ஒருத்தி வைப்பார்கள். பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டோமே, அக்காவுக்கும் தோன்றவில்லை, அவள் மகளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஊர்க் கண்ணை நினைத்த நாங்கள் ஒரு கையை நினைக்கவில்லை.

முதலில் அக்கா அந்த அம்மாவுக்கு வைத்தாள். வைத்த கை அப்படியே தன் முன்முடிக்குப் போனபோதுதான் எனக்கும் உறைத்தது. பிறகு தட்டை அந்தப் பக்கம் திருப்பினேன். திருப்பியது நான்தான். அந்த அம்மா வலது கையால் குங்குமத்தை எடுத்துக்கொண்டு, இடது கையை முடியை விலக்குவதற்காகத் தூக்கியது. அக்கா அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வைக்கோல் போருக்குப் பின்னால் என்னைத் தேடி வந்தவளுக்கு இப்போது ஒளிய இடமில்லை. நான் தட்டைத் தவறவிட்டிருக்கலாம். இருமியிருக்கலாம். “சம்பந்தி, நீங்க எப்படியும் பாக்கணும், எங்கக்காவுக்கு இப்படி ஒண்ணு இருக்குது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடி விலகியது. அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. விரலிலிருந்த குங்குமம் கொஞ்சம் உதிர்ந்து அக்காவின் மூக்கில் விழுந்தது. எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு அந்த அம்மா பொட்டை வைத்தது. முடியைத் திரும்ப இறக்கிவிட்டு, இரண்டு விரலால் சரிசெய்தும் விட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. சாப்பிடும்போதும் அது ஒன்றும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பையனுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம், ஒரு வருடம் போகட்டுமாம், நீங்கள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாமாம். பெண், “போனா போவட்டும் மாமா” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வேலைக்குப் போய்விட்டது. போகும்போது எடுத்துக்கொண்ட சாப்பாட்டுப் பாத்திரம் அப்படியே திரும்பி வந்ததாம். அக்கா அழக்கூட இல்லை. “என் தோலுதான்டா என் பொண்ணு வாழ்க்கைய கெடுத்துச்சி” என்று சொன்னாள். இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மார்கழியில் பாகூருக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனேன். ஏரிக்கரைப் பக்கம் டீக்கடையில் நின்றபோது ஒருவர் தோளைத் தட்டினார். பையனின் சித்தப்பா. “நீ பொண்ணோட தாய்மாமன்தானே?” என்று கேட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, நான் ஒன்றும் கேட்காமலேயே சொன்னார். “படை இருந்தா இன்னாப்பா, எங்க பெரியப்பாவுக்கே ஒடம்பு பூரா இருந்துச்சி. எங்கண்ணி அதுக்கெல்லாம் பாக்கறவங்க இல்ல. முடிய வெட்டி மறச்சீங்க பாரு, அங்கதான் மனசு ஒடிஞ்சிபோச்சி. இத மறைக்கறவங்க இன்னும் இன்னா இன்னா மறைக்கறாங்களோன்னு சொன்னாங்க. மொதல்லியே சொல்லியிருந்தா இந்நேரம் கல்யாணமே முடிஞ்சிருக்கும்.” என் கையிலிருந்த டீ ஆடை கட்டிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

அவர் சொன்னது நிஜமா என்று எனக்குத் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு யாரும் பெரிய மனசாகப் பேசலாம். முதலிலேயே சொல்லியிருந்தால் வந்திருப்பார்களா? அதைக் கண்டுபிடிக்க இனி வழியில்லை. ஆனால் நிஜமாக இருந்தால், அக்காவின் தோல் ஒரு பாவமும் செய்யவில்லை. வெட்டியதுதான் கெடுத்தது. வெட்டச் சொன்னது என் தலை. இதை அவளிடம் சொன்னால், தோலைத் திட்டுவதை விட்டுவிட்டுத் தன் கையால் கெடுத்தேனே என்று தன்னையே திட்டுவாள். சொல்லாவிட்டால் ஒன்றும் அறியாத நெற்றியைச் சாகும்வரை திட்டிக்கொண்டிருப்பாள். எட்டு மாதமாக இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். ஒவ்வொரு முறை அவள் வீட்டுக்குப் போகும்போதும் அந்த முடி கொஞ்சம் வளர்ந்திருக்கும். கண்ணில் குத்தியது, மூக்குக்கு வந்தது, வாயில் போனது. கொண்டை ஊசி குத்தி ஒதுக்கினாள். இப்போது தாடையைத் தொடுகிறது, காதுக்குப் பின்னால் செருகினால் நிற்கிறது. படை மட்டும் புருவத்துக்கு இறங்கிவிட்டது.

நேற்றுக் காலையில் அக்கா போன் செய்தாள். குரலில் சந்தோஷம். திருபுவனைப் பக்கமிருந்து ஒரு இடம் வந்திருக்கிறதாம், புதன்கிழமை பார்க்க வருகிறார்களாம். “ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துகினு வாடா. அந்தப் பார்லருக்கே போவலாம். இந்த வாட்டி இன்னும் கொஞ்சம் அடர்த்தியா, கண்ணு மேல வுழற மாதிரி வெட்டிக்கறேன். இன்னா, வெட்டிக்கட்டுமா?”

போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. “ஊம்னு ஒரு வார்த்த சொல்லிடாத, முத்து உதிர்ந்துடும்” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். இந்த முறையும் என் மௌனத்தை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்கு நடவு வேலை இல்லை. அக்காவுக்கு நேராக எழுத வரவில்லை, யாரிடமோ சொல்வது மாதிரி டிராக்டர் கொட்டகையில் உட்கார்ந்து காலையிலிருந்து இதை எழுதினேன். விரல் வலிக்கிறது. நாளைக்கு வண்டியில் ஏறுவதற்கு முன்னால் இந்த நோட்டையும் இந்தப் பொட்டலத்தையும் அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வண்டியில் ஏதோ பழுது பார்ப்பது போலக் குனிந்துகொள்வேன். கொடுப்பேனா என்று இப்போதும் எனக்கு உறுதியில்லை. கொடுத்தாலும், படித்தபிறகு அவள் முகத்தைப் பார்ப்பேனா என்றும் தெரியவில்லை. படித்துவிட்டும் வெட்டிக்கொள்வேன் என்றால் அழைத்துக்கொண்டுதான் போவேன். வண்டி ஓட்டத்தானே எனக்குத் தெரியும்.

அக்கா எட்டாவது வரைக்கும் படித்தவள். அவளுக்குப் படிக்க வரும். என் எழுத்துத்தான் அவளுக்குப் புரிய வேண்டும். மற்றது புரியாவிட்டாலும் போகட்டும் என்று, கடைசிப் பக்கத்தில் இதை மட்டும் பெரிதாக, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதியிருக்கிறேன்:

வெட்டிக்காத அக்கா.

ஆவணி பதிமூணு, சனிக்கிழமை.